இரைப்பை அறுவையும் இரத்தச் சர்க்கரையும்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். உடல் எடையும் அதிகம். கோவையில் அவரைப் பரிசோதித்த மருத்துவர்கள், எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று கூறினார்களாம். "வயிற்றில் கத்தி வைத்தால் இரத்தத்திலுள்ள சர்க்கரை எப்படிக் குறையும்?" என்று தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். விடை தேடிப் படித்ததை இங்கே தருகிறோம்.

நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய ஆய்வு 2023-ல் தெரிவித்தது. இவர்களுள் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. கணையம் இன்சுலினைச் சுரக்கும். ஆனால் கொழுப்பு மிகுந்த கல்லீரலும் தசையும் அதன் சொல்லைக் கேட்பதில்லை. நாளடைவில் கணையமும் களைத்துவிடுகிறது.

1966-ல் அமெரிக்காவில் எட்வர்டு மேசன் என்ற அறுவை மருத்துவர், எடையைக் குறைப்பதற்காக இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார். சர்க்கரையைப் பற்றி அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பின்னர் வால்டர் போரீஸ் என்பவர் இவ்வறுவை செய்துகொண்ட 146 நீரிழிவு நோயாளிகளைக் கவனித்து வந்தார். அவர்களுள் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்ததென 1995-ல் எழுதினார். வியப்பு என்னவெனில், எடை குறையும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கிவிட்டது!

இதன் காரணத்தை நமது மலை ரயிலைக் கொண்டு விளக்கலாம். உதகையை இரைப்பை என்றும், மேட்டுப்பாளையம் வரையுள்ள பாதையைச் சிறுகுடல் என்றும் கொள்வோம. வழக்கமாகச் சர்க்கரையில் பெரும்பகுதி லவ்டேல், கேத்தி, அரவங்காட்டிலேயே இறங்கிவிடும். மாற்றுவழி அறுவையில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். உணவு மேல் நிலையங்களில் நில்லாமல் ரன்னிமேடு, ஹில்குரோவ் பக்கம் விரைந்து வந்துவிடுகிறது. அங்குள்ள செல்கள் ஜி.எல்.பி. 1 என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கின்றன. அது கணையத்தைத் தட்டியெழுப்பி, உணவுக்குப் பின் இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, பசியையும் அடக்குகிறது. உணவு குறைவதால் கல்லீரல் கொழுப்பு முதல் வாரங்களிலேயே கரைந்து, இன்சுலினுக்கு அது மீண்டும் செவிசாய்க்கிறது.

மற்றொரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை அகற்றி, மீதியைக் குழாய்போல் ஆக்குகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் அகற்றப்படும் பகுதியில்தான் சுரக்கிறது. வெறும் பட்டினியால் இளைத்தால் கிரெலின் கூடும். உடல் எரிக்கும் சக்தியும் குறையும். அதனால்தான் இளைத்தவர் பலர் மீண்டும் பருக்கிறார்கள். அவர்களைச் 'சோம்பேறி' என்று ஏசுவது அறியாமை.

ஆயினும் இது மந்திரமன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 150 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. ஐந்தாண்டுகளுக்குப் பின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள், மாற்றுவழி அறுவையில் 29 சதவீதம், குழாய் முறையில் 23, மருந்து மட்டும் உண்டவருள் 5. பல்லாண்டு நோயால் கணையம் தளர்ந்தவர்களுக்குப் பயன் குறைவு. சிலருக்கு நோய் திரும்பிவருவதும் உண்டு. முதல் வகை நீரிழிவுக்கு இது தீர்வாகாது.

யாருக்குச் செய்யலாம்? கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ளவருக்கு விடை 40. ஆசிய மக்களுக்கு 27.5-க்கு மேல் இருந்தாலே இதை யோசிக்கலாம் என்று 2022-ல் மருத்துவச் சங்கங்கள் கூறின. (மாணவியர் உடனே எடைக்கருவியைத் தேடி ஓட வேண்டாம், இக்கணக்கு பெரியவர்களுக்கு உரியது!) கோவை ஜெம் மருத்துவமனையிலும், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் இச்சிகிச்சை செய்யப்படுகிறது.

அறுவைக்குப் பின் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் பி12 மாத்திரைகளை ஆயுள் முழுவதும் உண்ண வேண்டும். இரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது. தேநீரும் வர்க்கியும் ஒரே மூச்சில் உண்ண முடியாது. இனிப்பு மிகுந்தால் படபடப்பும் மயக்கமும் வரும். தோழியின் தாயார் இவற்றையெல்லாம் மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறார். அறுவையா, மருந்தா என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.