முள் அசைந்த கணம்

மாணவர்களே! மின் நிலையத்தில் சுழலும் ஜெனரேட்டர் எந்த விதிப்படி மின்சாரம் தருகிறது? அதைக் கண்டறிந்தவர் மைக்கேல் ஃபாரடே.

1791-இல் இங்கிலாந்தில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். 1801-இல் வறுமை முற்றியபோது, ஒரு ரொட்டியை ஒரு வாரம் வைத்திருந்து உண்டார். எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு நின்றது. 14 வயதில் லண்டனில் புத்தக பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்தார். 1812-இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தாமே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவியின் உதவியாளர் ஆனார்.

மின்னோட்டம் காந்த விளைவைத் தரும் என்பதை 1820-இல் அயர்ஸ்டெட் காட்டினார். அப்படியானால் காந்தம் மின்சாரம் தருமா? 1825-இலும் 1828-இலும் ஃபாரடே செய்த சோதனைகள் பலிக்கவில்லை. எனினும் அவர் அக்கேள்வியை விடவில்லை.

1831 ஆகஸ்ட் 29. ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றை மின்கலத்துடன் இணைத்ததும், மற்றதன் கம்பியருகே இருந்த காந்த முள் அசைந்து, பழைய நிலைக்குத் திரும்பியது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் அசைந்தது. இடையில், மின்னோட்டம் சீராக இருந்தவரை, அசைவே இல்லை! காந்தப்புலம் மாறும்போதுதான் மின்சாரம் தூண்டப்படுகிறது என்பதே இதன் பொருள். முன்பு மறைந்திருந்த விடை இதுவே. பத்தாண்டுப் பொறுமை, கண நேர அசைவையும் தவறவிடாத கண்ணை அவருக்குத் தந்திருந்தது.

உங்கள் ஆய்வகத்தில் கம்பிச் சுருளைக் கால்வனோமீட்டருடன் இணைத்து, சட்டக் காந்தத்தை உள்ளே நுழைத்துப் பாருங்கள். பிறகு அதை அசையாமல் வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.