டவரில் உட்காரப் போகும் பிள்ளைகளுக்கு

நாஞ்சில் நாட்டில் விமான நிலையம் கிடையாது. நமக்கு எல்லாம் திருவனந்தபுரம்தான். ஆனாலும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் பிஎஸ்சி ஃபிசிக்ஸோ இன்ஜினியரிங்கோ முடித்துவிட்டு ஏடிசி என்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பரீட்சை எழுதித் தேறுகிறார்கள். தேறியதும் என்னைத் தேடி வந்து ரேடாரைப் பற்றிக் கேட்கிறார்கள். அதை பிரயாக்ராஜ் பயிற்சி மையத்தில் நன்றாகவே சொல்லித் தருவார்கள், மக்களே. திரைக்கு முன்னால் உட்காரும் ஆளைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த ஆளுக்குத் தூக்கம் வரும், மறதி வரும். எதிர்பார்த்தது மட்டுமே காதில் கேட்கும்.

1. பைலட் திருப்பிச் சொல்வதைக் கடைசி எழுத்துவரை கேளுங்கள். நீங்கள் ஓர் உயரம் கொடுக்கிறீர்கள், அவர் அதைத் திருப்பிச் சொல்கிறார். இந்த ரீட்பேக்கைக் கேட்பது வேலையில் சரிபாதி. ஆனால் நாம் சொல்லி முடித்த கணமே மனம் அடுத்த விமானத்துக்குப் போய்விடும். நீங்கள் எட்டாயிரம் அடி என்று சொல்லி, அவர் ஆறாயிரம் என்று திருப்பிச் சொன்னாலும் உங்களுக்கு எட்டாயிரம் என்றே கேட்கும். அசட்டையால் வருவதல்ல இது. பழகப் பழக இது கூடுமே தவிரக் குறையாது. நஞ்சை கிரயம் முடிக்கும்போது சர்வே நம்பரை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து ஒத்துப் பார்ப்போமே, அப்படிக் கேளுங்கள். முன்பு அந்தந்த விமானத்தின் விவரம் எழுதிய காகித ஸ்ட்ரிப்பில் பேனாவை ஊன்றிக்கொண்டே கேட்போம். கணினித் திரைக்கு மாறிய இடத்திலும் விரலாவது அந்த வரிமேல் இருக்கட்டும்.

2. 'ஓகே' என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் தெனெரிஃப் தீவு. பனிமூட்டத்துக்குள் ஒரே ரன்வேயில் இரண்டு ஜம்போ விமானங்கள். கேஎல்எம் விமானத்திலிருந்து டேக் ஆஃப் பற்றி அரைகுறையாக ஒரு வாக்கியம் வந்தது. டவர் முதலில் 'ஓகே' என்றது. பிறகுதான் காத்திருக்கச் சொன்னது. அந்தப் பிற்பாதியின்மேல், தாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம் என்ற பான் ஆம் விமானத்தின் குரலும் ஏறியது. இரண்டும் கலந்து கேஎல்எம் காக்பிட்டில் ஒரு கீச்சொலிதான் கேட்டது. தெளிவாக விழுந்தது அந்த ஓகே மட்டும். செத்தவர்கள் 583 பேர். அதற்குப் பிறகு 'டேக் ஆஃப்' என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் வாயில் எடுப்பதில்லை. மற்ற இடத்திலெல்லாம் 'டிபார்ச்சர்' என்றே பேசுகிறோம். திருவனந்தபுரத்தில் இன்னொரு சபலமும் உண்டு. மேலே இருப்பவர் மலையாளி என்று குரலிலேயே தெரிந்துவிடும்; 'சரி சேட்டா' என்று நாக்கின் நுனிவரை வந்துவிடும். விழுங்கிவிடுங்கள். அதே அலைவரிசையில் மஸ்கட்காரரும் கொழும்புக்காரரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கு என்ன சொன்னீர்கள் என்று அவர்களுக்கும் புரிய வேண்டும்.

3. எண்களை நம்பாதீர்கள். 2001 ஜனவரி 31, ஜப்பானின் யைசு நகருக்கு மேலே ஜப்பான் ஏர்லைன்ஸின் 907, 958 என்ற இரண்டு விமானங்கள் நெருங்கின. பயிற்சியில் இருந்த கன்ட்ரோலர் 958-ஐ இறங்கச் சொல்ல நினைத்தார். வாயில் வந்தது 907. பதறிப்போய்க் குறுக்கிட்ட மேற்பார்வையாளர் கூப்பிட்டதோ 957-ஐ. அப்படியொரு விமானமே அப்போது வானத்தில் இல்லை. இரண்டிலும் சேர்த்து 677 பேர். பைலட் கடைசி நொடியில் விமானத்தைச் சட்டென்று அமுக்கியதால் பிழைத்தார்கள், பலருக்குக் காயம். ஒரே கம்பெனியின் ஒத்த எண்கள் உங்கள் திரையில் ஒன்றாக வந்தால் இரண்டு பைலட்டுகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயிற்சியாளர் பின்னால் நிற்கிறாரே என்ற தைரியமும் வேண்டாம். அவரும் பதறுவார்.

4. நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டீர்கள் என்பதோடு வேலை முடியாது. நம் நாட்டில் இதற்கு சர்க்கி தாத்ரியைவிடப் பெரிய பாடம் இல்லை. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி ஜம்போவுக்கு 14,000 அடி. எதிரே டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தானின் இல்யூஷினுக்கு 15,000 அடி. கன்ட்ரோலர் இரண்டையும் சரியாகவே கொடுத்தார். எதிரே விமானம் வருகிறது என்று எச்சரிக்கையும் செய்தார். ஆனாலும் இல்யூஷின் தன் உயரத்தை விட்டுக் கீழே இறங்கி மோதியது. 349 பேர் போனார்கள். வானத்தில் நடந்த மோதல்களில் இன்றுவரை இதுதான் பெரியது.

அந்தக் காக்பிட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டவருடன் ஆங்கிலத்தில் பேசியவர் பைலட் அல்ல, ரேடியோ ஆபரேட்டர். அவருக்கென்று உயரம் காட்டும் கருவி கிடையாது. பைலட்டின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டும். அவர்கள் ஊரில் மீட்டர் கணக்கு, இங்கே அடிக் கணக்கு. கேட்டவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர். இந்தப் பக்கம் டெல்லியில் வருவதற்கும் போவதற்கும் ஒரே பாதை. விமானத்தின் உயரத்தைத் திரையில் காட்டும் ரேடார் அன்று பயன்பாட்டுக்கு வரவில்லை. நீதிபதி லகோட்டி விசாரணைக்குப் பிறகு பாதைகள் பிரிந்தன. மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. இன்று உங்கள் திரையில் உயரம் தெரிகிறது. கொடுத்த உயரத்தில் நிற்கிறாரா என்று ஒருமுறை பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல ஆங்கிலத்தில் தயங்காமல் 'ராஜர்' வந்தாலும் பாருங்கள்.

5. ரன்வே காலியா என்பதை நினைவிலிருந்து சொல்லாதீர்கள், கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள். திருவனந்தபுரத்தில் பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டு ரன்வேயைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. சுவாமி போகும் வழி பழையது. விமான நிலையம் 1932-இல் வந்தது. அந்த நாட்களில் முன்கூட்டியே நோட்டாம் என்ற அறிவிப்பை விமானிகளுக்குப் போட்டுச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுவார்கள். ஊர்வலம் திரும்பியதும் ஆட்கள் ரன்வே முழுக்கப் போய்ப் பார்த்து, ஒரு பூமாலை நாரோ ஆணியோ கிடக்கவில்லை என்று சொன்ன பிறகுதான் திறப்பார்கள். ஆராட்டு நாளில் காட்டும் இந்தச் சிரத்தைதான் சாதாரண நாளிலும் வேண்டும். டோக்கியோ ஹனேடாவில் 2024 ஜனவரி 2 அன்று கடலோரக் காவல்படை விமானம் ஒன்று ரன்வேயில் ஏறி அரை நிமிடத்துக்கு மேல் நின்றது. அதைக் காட்டும் எச்சரிக்கை திரையில் எரிந்தும் யாரும் கவனிக்கவில்லை. இறங்கிய ஏர்பஸ் அதன்மேல் மோதித் தீப்பிடித்தது. ஏர்பஸ்ஸில் இருந்த 379 பேரும் தப்பியது விமானப் பணியாளர்களின் திறமை. சிறிய விமானத்தில் 5 பேர் இறந்தார்கள். அதற்கு டவர் சொன்ன 'நம்பர் ஒன்' என்ற சொல், ரன்வேக்குள் நுழைய அனுமதி கிடைத்ததாக அந்த பைலட்டுக்குப் பட்டிருந்தது.

6. வேலை குறையும் நேரத்துக்குப் பயப்படுங்கள். வளைகுடா விமானங்கள் நள்ளிரவிலும் விடியலிலும் வரும். நம் மாவட்டத்துக்காரர்களே எத்தனை பேர் அதில் வந்து இறங்குகிறார்கள்! அந்த நெரிசலில் தூக்கம் வராது. அது ஓய்ந்து ஒன்றிரண்டு விமானங்கள் மட்டும் இருக்கும்போது கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

2002 ஜூலை 1 நள்ளிரவு, சூரிக் கன்ட்ரோல். இருவரில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். அது அங்கே நடைமுறையாகவே ஆகிப்போயிருந்தது. மற்றவர் தனியாக இரண்டு திரைகளைப் பார்த்தார். பராமரிப்புக்காக முக்கியத் தொலைபேசி துண்டிக்கப்பட்டிருந்தது. மோதல் எச்சரிக்கையும் முழுதாக வேலை செய்யவில்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இருந்தவர்கள் ஆபத்தைத் திரையில் பார்த்துவிட்டு விடாமல் அழைத்தார்கள், லைன் கிடைக்கவில்லை. ஊபர்லிங்கனுக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதின. 71 பேர், அதில் நிறையப் பேர் பள்ளிப் பிள்ளைகள். கூட இருப்பவரைத் தூங்க அனுப்புவது நல்ல மனசுதான், ஆனால் அந்த நேரத்தில் எது எது பழுதாகிக் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். இரவு டியூட்டிக்கு முன்னால் பகலில் தூங்குங்கள். கல்யாண வீட்டுக்கு வரவில்லை என்று சொந்தக்காரர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

7. விமானத்தில் இருக்கும் மோதல் தவிர்ப்புக் கருவி 'ஏறு' என்று சொல்லும்போது நீங்கள் 'இறங்கு' என்று சொல்லாதீர்கள். ஊபர்லிங்கனில் அதுதான் நடந்தது. கருவியின்படி போகிறேன் என்று பைலட் சொன்னால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

8. டியூட்டி மாறும்போது வீட்டுக் கதை வேண்டாம். விட்டுப் போகிறவர் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்கட்டும்.

9. தவறு நடந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். இது சொல்ல எளிது. யைசுவில் அந்தப் பயிற்சிக் கன்ட்ரோலரும் மேற்பார்வையாளரும் கிரிமினல் வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். 2010-இல் ஜப்பான் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அது சரியான வழி என்று எனக்குத் தோன்றவில்லை. தண்டனைக்குப் பயந்து பத்துப் பேர் மறைத்தால் பதினோராவது ஆள் அதே குழியில் விழுவான். குடித்துவிட்டு வந்தவனையும் வேண்டுமென்றே விதியை மீறியவனையும் தண்டியுங்கள். எண் மாறிச் சொன்னவனை உட்காரவைத்து, ஏன் மாறியது என்று கேளுங்கள். நாளைக்கு நீங்கள் மேலதிகாரி ஆகும்போது இதை மறக்காதீர்கள்.

10. எரிபொருள் என்ற சொல் காதில் விழுந்தால் வேறெதையும் ஒதுக்கிவைத்துவிட்டுக் கேளுங்கள். 2025 ஜூன் 14 இரவு பிரிட்டிஷ் எஃப்-35பி போர் விமானம் எரிபொருள் குறைந்து திருவனந்தபுரத்தில் இறங்கியதும், பழுதாகி ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றதும் உங்களுக்குத் தெரியும். மீம்ஸ் போட்டது நீங்கள்தானே. எல்லா அவசரமும் அப்படிப் பளிச்சென்று வராது. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்குக்கு வந்த அவியான்கா 52, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சாதாரணக் குரலில் சொன்னது, முன்னுரிமை கேட்டது, 'எமர்ஜென்சி' என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. கன்ட்ரோலர்கள் அதை வழக்கமான அவசரமாக எடுத்துக்கொண்டார்கள். விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள். அப்படித் தயங்கும் குரல் வந்தால் நீங்களே கேட்டுவிடுங்கள்: எமர்ஜென்சி அறிவிக்கிறீர்களா, எத்தனை நிமிட எரிபொருள், உள்ளே எத்தனை பேர். பதில் வந்ததும் அடுத்த கேள்வி கேட்காமல் ரன்வேயைக் காலி செய்யுங்கள்.