அதிர்வெண் கூடினால் ஆற்றல் ஏன் கூட வேண்டும்?

அன்புள்ள இளம் இயற்பியல் ஆசிரியருக்கு,

பன்னிரண்டாம் வகுப்பில் கதிர்வீச்சின் இருமைப் பண்பை நடத்தப் போகிறீர்கள். ஃபோட்டானின் ஆற்றல் என்பது அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கக் கிடைப்பது என்று கரும்பலகையில் எழுதியதும் யாராவது ஒரு பிள்ளை ஏன் என்று கேட்கும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. நம் வகுப்பறைகளில் அது சொல்லப்படுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

வழக்கமாகச் சொல்லப்படுவது, வேகமாக ஆட அதிக ஆற்றல் வேண்டும் என்பது. கேட்கும் பிள்ளை திருப்தியோடு உட்கார்ந்துவிடும். அதனால்தான் அந்தப் பதில் ஆபத்தானது. கம்பியில் ஓடும் அலைக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் அங்கே ஆற்றல் அதிர்வெண்ணின் இருமடியைப் பொறுத்தது. மின்காந்த அலையிலோ ஆற்றல் அடர்த்தி மின்புலத்தின் வீச்சை மட்டுமே பொறுத்தது. அதிர்வெண்ணுக்கு அந்தச் சமன்பாட்டில் இடமே கிடையாது. இதை நீங்களே சில பாடங்களுக்கு முன் நடத்தியிருப்பீர்கள். நினைவில் வைத்திருக்கும் மாணவிக்குக் குழப்பம் வந்தால் நியாயம் அவள் பக்கம்தான்.

ஆகவே வேறொரு வழியில் அழைத்துச் செல்லுங்கள். முன்னும் பின்னும் வெட்டிவிட்ட ஒரு துண்டு ஒளி அலை வருகிறது. அதை நின்றபடி ஒருவர் அளக்கிறார். இன்னொருவர் ஒளியின் வேகத்தில் 60 சதவீத வேகத்தோடு அதை எதிர்கொண்டு போகிறார். டாப்ளர் விளைவால் இரண்டாமவருக்கு அதிர்வெண் சரியாக இரு மடங்கு. 60 சதவீதம் என்று நான் எடுத்துக்கொண்டது இந்த முழு எண்ணுக்காகத்தான். அவருக்கு மின்புலமும் இரு மடங்காகத் தெரியும். எனவே ஆற்றல் அடர்த்தி நான்கு மடங்கு. துண்டின் நீளம் என்ன ஆகும்? அதிலுள்ள முகடுகளின் எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றே. அலைநீளம் பாதியாகிவிட்டதால் துண்டின் நீளமும் பாதி. நான்கைப் பாதியால் பெருக்கினால் இரண்டு. அதாவது அதிர்வெண் எத்தனை மடங்கு கூடியதோ, அதே மடங்குதான் மொத்த ஆற்றலும் கூடியிருக்கிறது. இதுவரை ஃபோட்டான் என்ற பேச்சே எழவில்லை. எல்லாம் மாக்ஸ்வெல்லின் பழைய அலைதான்.

இப்போது ஒளி எண்ணக்கூடிய துகள்களாக வருகிறது என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் துண்டில் ஆயிரம் ஃபோட்டான்கள் இருந்தால் ஓடுகிறவருக்கும் ஆயிரம்தான். ஓடுவதால் எண்ணிக்கை மாறாது. மொத்த ஆற்றல் இரட்டித்தது, எண்ணிக்கை அப்படியே இருக்கிறது என்றால் ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் இரட்டித்தாக வேண்டும். அதிர்வெண்ணுக்கும் ஆற்றலுக்கும் உள்ள விதி நிற்பவருக்கும் ஓடுபவருக்கும் ஒன்றே. வேகத்தை மாற்றி எந்த மடங்குக்கும் இதைச் செய்து பார்க்கலாம். இருமடியாகவோ வர்க்கமூலமாகவோ இருக்க வழியில்லை. நேர்விகிதம் மட்டுமே மிஞ்சுகிறது. பலகையில் பத்து நிமிடம் போதும். இந்தப் பத்து நிமிடத்தை எந்தத் தேர்வு அவசரத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

1905 ஜூனில் அனுப்பிய சார்பியல் கட்டுரையில் ஐன்ஸ்டைன் இதைக் கணக்கிட்டிருக்கிறார். ஒளித்தொகுதியின் ஆற்றலும் அதிர்வெண்ணும் பார்ப்பவரின் இயக்கத்தைப் பொறுத்து ஒரே விதிப்படி மாறுவது கவனிக்கத்தக்கது என்றும் குறிப்பிடுகிறார். ஒளிக் குவாண்டங்கள் பற்றி அதே ஆண்டு மார்ச்சில் எழுதிய தன் கட்டுரையை அங்கே அவர் பெயர் சொல்லி இணைக்கவில்லை. எனக்கு அந்த மௌனம் மிகவும் பிடிக்கும்.

இதற்கும் முன்னால் இன்னொரு வழி இருந்தது. உள்ளே கண்ணாடி பூசிய ஒரு பெட்டியில் ஒளியை அடைத்து, சுவரை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். முன்னேறும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் கூடும். ஒளியின் அழுத்தத்தை எதிர்த்துச் சுவர் வேலை செய்வதால் ஆற்றலும் கூடும், அதே விகிதத்தில். வில்ஹெல்ம் வீன் 1893இல் கண்ட இடப்பெயர்ச்சி விதி இத்தகைய வாதத்தில் பிறந்தது. 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் தன் ஆற்றல் கூறுகளை முன்வைத்தார். அவை அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் இருந்தாக வேண்டும் என்பதற்கு அவர் காட்டிய காரணம் வீனின் இந்த விதிதான். நேர்விகிதம் அவருடைய விருப்பத் தேர்வே அல்ல. மாறிலியின் மதிப்பை மட்டும் கரும்பொருள் கதிர்வீச்சின் அளவீடுகளிலிருந்து எடுத்தார். அவருக்குக் கிடைத்தது இன்றைய மதிப்பைவிட ஏறத்தாழ ஒரு சதவீதமே குறைவு.

ஒன்றை வகுப்பில் மறைக்க வேண்டாம். ஒளி துகள்களாக எண்ணத்தக்கது என்றால் நேர்விகிதம் கட்டாயம் என்றுதான் காட்டினோம். அது ஏன் அப்படி எண்ணத்தக்கதாக இருக்கிறது என்பதை இந்த வாதம் தொடவில்லை. அதைச் சோதனைகள்தான் சொல்லின. 1902இல் லெனார்டு, உலோகத்தில் படும் ஒளியின் செறிவைக் கூட்டினாலும் அதிலிருந்து வெளிவரும் எலக்ட்ரானின் பெரும ஆற்றல் கூடுவதில்லை என்று கண்டார். இதற்கு ஒளிக் குவாண்டங்களைக் கொண்டு ஐன்ஸ்டைன் தந்த விளக்கத்தை நம்பாத மில்லிகன் சிகாகோவில் பல ஆண்டுகள் உழைத்து, உலோகப் பரப்பை வெற்றிடத்துக்குள்ளேயே சீவிப் புதிதாக்கி அளந்தார். எலக்ட்ரானின் பெரும ஆற்றலை ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்து 1916இல் அவர் வெளியிட்ட வரைபடத்தில் இருந்தது நேர்கோடு. விளக்கத்தை அப்போதும் அவர் ஏற்கவில்லை; ஆனால் கோட்டை வளைக்கவும் இல்லை. பிள்ளைகளுக்கு இந்த மனிதரைப் பற்றி அவசியம் சொல்லுங்கள்.

மாறிலி ஏன் இந்த மதிப்பில் இருக்கிறது என்று கேட்டால், பதில் இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். 2019 மே 20 முதல் அதை 6.62607015 × 10⁻³⁴ ஜூல் நொடி என்று வரையறுத்துவிட்டு, கிலோகிராமை அதிலிருந்து பெறுகிறோம்.

எண்களைத் தாராளமாகக் கொடுங்கள். 700 நானோமீட்டர் சிவப்பு ஃபோட்டானுக்கு 1.77 எலக்ட்ரான் வோல்ட். 400 நானோமீட்டர் ஊதாவுக்கு 3.1. சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் இரண்டுக்கும் நடுவில், சுமார் 2.3. 100 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் ஒரு கிலோவாட் பண்பலை நிலையம் நொடிக்கு 1.5 × 10²⁸ ஃபோட்டான்களை அனுப்புகிறது. ஒன்றொன்றும் அத்தனை சிறியது என்பதால்தான் வானொலியில் நமக்கு அலை மட்டுமே தெரிகிறது.

பிறகு ஆய்வகத்துக்குப் போங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல எல்.இ.டி.கள், மின்னழுத்தத்தை மாற்றக்கூடிய மின்மூலம், ஒரு மின்தடை, மல்டிமீட்டர், ஒளி புகாத கறுப்புக் குழாய் போதும். எந்த மின்னழுத்தத்தில் ஒவ்வொன்றும் மினுங்கத் தொடங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு இரண்டு வோல்ட்டுக்குள்ளேயே எரியும். நீலத்துக்கு இரண்டரை வோல்ட் அளவில் வேண்டும். மின்னழுத்தத்தை அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தால் சரிவிலிருந்து பிளாங்க் மாறிலி ஏறத்தாழக் கிடைக்கும். தொடங்கும் புள்ளியைக் கண்ணால் பார்ப்பதால் துல்லியம் வராது. வந்த எண்ணைத் திருத்தாமல் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளை எல்.இ.டி.யைச் சேர்க்க வேண்டாம். அது உள்ளே நீலம். மேலே உள்ள பூச்சு அந்த நீலத்தின் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக வெளியிடுகிறது. மஞ்சளை விழுங்கி நீலமாக ஏன் வெளியிட முடியாது என்ற கேள்வியை மட்டும் அவர்களிடம் விட்டுவையுங்கள்.

அன்புடன்,
ஒரு மூத்த ஆசிரியர்