வண்டி குறைந்தால் வாழ்வு குறையுமா?

மகாராஷ்டிரத்து மாதேரன் மலையூரினுள் மோட்டார் கார்கள் செல்ல அனுமதியில்லை. பயணிகள் 1907இல் அமைந்த சிறு ரயிலிலோ, குதிரையிலோ, கால்நடையாகவோ செல்கின்றனர். ஆயினும் அவ்வூரார் பயணிகளைக் கொண்டே பிழைக்கின்றனர்.

நம் நீலகிரியில், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி, 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025ஆம் ஆண்டுச் சீசனில் நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்துக்கும் விளைபொருள் வண்டிக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

ஆகவே, பயிரிடும் அங்கத்தினர் அஞ்சவேண்டியது வரம்பை அன்று, நெரிசலையே. பறித்த பசுந்தேயிலை மூட்டைக்குள் புழுங்கி நெடுநேரம் வழியில் நின்றால் குணம் கெடும், விலையும் இறங்கும். காரில் வருவோர் குறைந்தால், பேருந்திலும் மலை ரயிலிலும் வருவோரை நாடுவோம். சங்கத் தேயிலையை அந்நிலையங்களின் அருகே விற்பதே நமக்கு நலம்.