அம்பாசிடருக்கு எலெக்ட்ரிக் பம்ப்

அன்புள்ள மாப்பிள்ளை,

மச்சானுடைய அம்பாசிடரை நீ மறுபடி ரோட்டில் இறக்கியதில் ரொம்ப சந்தோஷம். மத்தியான வெயிலில் சிக்னலில் நின்றால் இருமி இருமி ஆஃப் ஆகிறது, பம்ப் மேல் ஈரத்துணி போட்டால்தான் கிளம்புகிறது என்று அக்கா போனில் சொன்னாள். எலெக்ட்ரிக் பம்ப் மாட்டப்போகிறாயாம். தாராளமாக மாட்டு, ஆனால் பானட்டுக்குள் வேண்டாம்.

பெட்ரோல் 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்து ஆவியாகத் தொடங்கிவிடும். பழைய பம்ப் இன்ஜின் சூட்டில் இருந்துகொண்டு பின்னால் உள்ள டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் லைனில் அழுத்தம் குறைவு, அதனால் ஆவி இன்னும் சீக்கிரம் கிளம்பும். எலெக்ட்ரிக் பம்ப்பும் கிணற்று மோட்டார் மாதிரிதான். தள்ளுவதில் சூரன், உறிஞ்சுவதில் சோம்பேறி. டேங்கை ஒட்டி, அதன் அடிமட்டத்துக்கு இறக்கி மாட்டு. பம்ப்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர்.

காயலான் கடையில் இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப்பை மலிவாகத் தருவார்கள். தொடாதே. அது 40 பி.எஸ்.ஐ.க்குத் தள்ளும், உன் எஸ்.யூ. கார்ப்ரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ. தாராளம். அதற்கு மேல் போனால் மிதவை ஊசி தாங்காமல் பெட்ரோல் வழிந்து சூடான மேனிஃபோல்டில் கொட்டும்.

இனி ரிட்டர்ன் லைன். கார்ப்ரேட்டருக்குச் சற்று முன்னால் ஒரு டீ போட்டு, மிச்ச பெட்ரோலை டேங்குக்கே திருப்பிவிடு. பெட்ரோல் ஓடிக்கொண்டே இருப்பதால் சூடேற நேரமில்லை, குமிழ் வந்தாலும் அதோடு போய்விடும். ரிட்டர்ன் வாயில் ஒன்றரை மில்லிமீட்டர் துளை போதும். பெரிதாக விட்டால் கார்ப்ரேட்டர் பட்டினி கிடக்கும். வேலை மிச்சம் என்று சிலர் ரிட்டர்னை பம்ப் வாயிலேயே சேர்த்துவிடுவார்கள். சூடான பெட்ரோலே சுற்றிச் சுற்றி வரும், மாட்டியும் பிரயோஜனமில்லை.

ரிட்டர்ன் நிப்பிளுக்காக டேங்கில் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே ஆவி நிற்கும். பெட்ரோல் கேஜ் மிதவை மாட்டியிருக்கும் தகட்டைக் கழற்றி, நன்றாகக் கழுவிக் காயவைத்து, லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அதில் நிப்பிள் பற்றவை.

ஹோஸ் எல்லாம் புதிதாக, எத்தனால் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்கு. இப்போது பங்கில் பிடிக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஊறி நைந்துவிடும்.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. பழைய பம்ப் இன்ஜின் நின்றால் தானும் நிற்கும். இது நிற்காது. வண்டி எங்காவது மோதி லைன் அறுந்தாலும், சாவி ஆனில் இருக்கும்வரை பெட்ரோலைப் பீய்ச்சும். ரிலே, ஃப்யூஸ் போக, ஆயில் பிரஷர் விழுந்தால் கரண்டை வெட்டும் ஸ்விட்ச் ஒன்றும், மோதினால் வெட்டும் ஸ்விட்ச் ஒன்றும் கட்டாயம் போடு. நாள்கணக்கில் நின்ற வண்டிக்குக் கார்ப்ரேட்டர் காய்ந்திருக்கும். ஆயில் பிரஷர் வரும்வரை பம்ப்பும் ஓடாது, அதனால் அழுத்திப் பிடித்தால் பம்ப் ஓடும்படி பட்டன் ஒன்று தனியாக வை.

பழைய பம்ப்பைக் கழற்றிய ஓட்டையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடு, இல்லாவிட்டால் ஆயில் கொட்டும். அந்தப் பம்ப்பைக் காயலானுக்குப் போடாமல் டிக்கியில் வை.

பிரஷர் கேஜ் என்னிடம் இருக்கிறது. வேலை முடிந்ததும் சொல், எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை நெடுந்தூரம் எடுக்காதே.

அன்புடன்,
மாமா