வெறுமையாய்க் கிடந்த நான்கு ஆசனங்கள்

பாராளுமன்றத்தில் ஆசனமில்லாத எம்மிடம் வரி கேட்பதேன் என்று பிரித்தானியரை எதிர்த்தெழுந்த அமெரிக்கர், 1776இல் சுதந்திரப் பிரகடனம் செய்தனர். அதில் ஒப்பமிட்ட ஒரே கத்தோலிக்கர் சார்ள்ஸ் கரோல். கத்தோலிக்கராதலால் மேரிலாந்தில் வாக்குரிமையே மறுக்கப்பட்டிருந்தவர்.

யாழ்ப்பாணத்திலோ 1931இல் ஆசனத்தைக் கொடுத்தார்கள், நம்மவர் வேண்டாமென்றார்கள்!

டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமை தந்தது. பூரண சுயராச்சியம் தரவில்லை. ஹன்டி பேரின்பநாயகம் முதலானோரின் இளைஞர் காங்கிரஸ் பகிஷ்காரம் கோரியது. சுன்னாகம் ஸ்கந்தவரோதயக் கல்லூரி அதிபராக விளங்கிய ‘ஒறேற்றர்’ சுப்பிரமணியமும் அவ்வணியினரே. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு ஒன்றேனும் இல்லை. தெற்கு பின்தொடரவில்லை. 1934 வரை நமக்காகப் பேச அரசாங்க சபையில் அந்த ஆசனங்களில் எவருமில்லை.

பெரும் பிழையென்பார் உளர், நட்டம் உண்மைதான். ஆயினும், வாசகரே, அவ்விளைஞர் கேட்டது தமிழரின் பங்கையன்று, இலங்கை முழுவதற்குமான விடுதலையை. அது 1948 பெப்ரவரி 4இல், டொமினியன் அந்தஸ்தாக வந்தது.