ஸ்ட்ராட்டா, லெஸ் பாலா?

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், கிப்ஸன் லெஸ் பால் – இந்த இரண்டு கிட்டார்களில் எது வாசிக்கச் சுலபம்? தொனியில் என்ன வித்தியாசம்?
– வாசகர், திருச்சி

விரல் வலிதான் கவலையென்றால் லெஸ் பால். அதில் கம்பியின் நீளம் சுமார் 24.75 அங்குலம், ஸ்ட்ராட்டில் 25.5. முக்கால் அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். அதே கம்பியை அதே சுருதிக்குக் கட்டினாலும் லெஸ் பாலில் விறைப்பு குறைவு. வளைத்து வாசிக்க மல்லுக்கட்ட வேண்டாம். தோள்தான் பாவம், இரண்டாவது பாட்டிலேயே கனம் தெரியும். மேல் ஃப்ரெட்டுகள் ஸ்ட்ராட்டில்தான் கைக்கு எட்டும்.

ஸ்ட்ராட்டின் ஒற்றைச் சுருள் பிக்கப் கணீரென்று பேசும். ட்யூப்லைட் பக்கத்தில் ‘ம்ம்ம்’ என்று இரையவும் செய்யும். லெஸ் பாலின் ஹம்பக்கர் அந்த இரைச்சலை அடக்கி, தடித்த குரலில் நின்று ஒலிக்கும். டிஸ்டார்ஷன் பிரியரென்றால் இதுவே. கடையில் இரண்டையும் ஒரே ஆம்பில் மாட்டி, நின்றுகொண்டு வாசித்துப் பாருங்கள்.